காடும் அருவியும் வெந்நீர் ஊற்றும்: லுக்குட்டிலிருந்து ஒரு நாள் பயணம்

லுக்குட் வட்டாரத் தோட்ட மக்களுக்கு மரங்கள் புதியன அல்ல. விடியுமுன் எழுந்து, பெரட்டு முடிந்ததும் நிரைக்குச் சென்று, நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களைத் தொட்டுப் பால் வெட்டும் தொழிலாளர் அவர்கள். பட்டையின் பருமனையும் பால் சுரக்கும் நேரத்தையும் அவர்கள் அறிந்த அளவுக்கு நூல் கற்றோரும் அறியார். எனினும், மனிதன் நடாத மரங்கள் தாமே வளர்ந்து நிற்கும் இயற்கைக் காட்டினுள் நடந்து பார்த்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. ஓய்வு நாளில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் செல்கிறோம். பொருள் வாங்கச் சிரம்பானுக்குச் செல்கிறோம். ஆனால் சிரம்பானுக்கு அப்பால் நீலமாகத் தெரியும் மலைத்தொடரை நோக்கி வண்டியைத் திருப்புவதில்லை. அச்சம் ஒரு காரணம். எங்கே, எவ்வாறு, யாருடன் செல்வது என்பது தெரியாமை மற்றொரு காரணம். இவ்விரண்டையும் போக்கும் நோக்குடன், ஒரே நாளில் மழைக்காட்டையும் அருவியையும் வெந்நீர் ஊற்றையும் கண்டு திரும்பும் பயணம் ஒன்றை இங்கு விளக்குவோம்.

லுக்குட்டைச் சூழ்ந்திருந்த காடு

லுக்குட்டும் ஒரு காலத்தில் காடு சூழ்ந்த இடமே. 19ஆம் நூற்றாண்டில் இங்கு ஈயம் தோண்டப்பட்டது. ஈய வருவாயால் செழித்த ராஜா ஜுமாஅட் 1847ஆம் ஆண்டில் குன்றின் மீது கட்டிய கோட்டையின் எச்சங்களை இன்றும் காணலாம். அன்று சிலாங்கூரைச் சேர்ந்திருந்த லுக்குட், 1880இல் சுங்கை ஊஜோங்குடன் இணைக்கப்பட்டு, அதன் வழியே நெகிரி செம்பிலானின் பகுதியாயிற்று. ஈயத்துக்காகவும் பின்னர் ரப்பருக்காகவும் தாழ்நிலக் காடு சிறிது சிறிதாக அழிக்கப்பட்டது. கடலோரத்தில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் குறிப்பிடத்தக்கது தஞ்சோங் துவான் முனையின் சிறு காடு. அங்கே கலங்கரை விளக்கம் உண்டு. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தை ஒட்டி, சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே செல்லும் பருந்தினங்களையும் அங்கே காணலாம். ஆனால் அருவி வேண்டுமெனில் நாம் மலைக்குத்தான் செல்ல வேண்டும்.

செல்லும் வழி

லுக்குட்டிலிருந்து சிரம்பான் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அங்கிருந்து குவாலா பிலா செல்லும் சாலையில் புக்கிட் பூத்துஸ் கணவாயைக் கடந்தால் உலு பெண்டுல் பொழுதுபோக்கு வனப்பகுதியை அடையலாம். 1875ஆம் ஆண்டில் யாம்துவான் அந்தாவின் வீரர்கள் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்ற கணவாய் இதுவே. சுமார் 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலையின் அடிவாரத்தில், பாறைகளின் ஊடே படிப்படியாக இறங்கிவரும் ஓடையே இங்குள்ள அருவி. காலைப் பொழுதைக் காட்டிலும் அருவியிலும் கழித்துவிட்டு, சிரம்பானுக்குத் திரும்பித் தெற்கு நோக்கிச் சென்றால், ரெம்பாவ் மாவட்டத்திலுள்ள பெடாஸ் வெந்நீர் ஊற்றைச் சேரலாம். பெடாஸிலிருந்து லிங்கி வழியாகப் போர்ட்டிக்சனை அடைந்து லுக்குட் திரும்பும் சாலையும் உண்டு. ஆகவே சென்ற வழியே மீள வேண்டியதில்லை.

தோட்டத்துக்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாடு

காட்டுக்குள் நுழைந்ததும் நாம் உணரும் முதல் வேறுபாடு ஒழுங்கின்மை. தோட்டத்தில் ஒரே இன மரங்கள், ஒரே வயதில், ஒரே இடைவெளியில் நிற்கின்றன. காட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரு மரங்கள் ஓரினமாக இருப்பதே அரிது. இதே மாநிலத்தில் ஜெலுபு மாவட்டத்திலுள்ள பாசோ வனத்தில், மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தினர் 1980களில் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, விரல் பருமனுள்ள கன்று முதல் அனைத்து மரங்களையும் எண்ணினர். அச்சிறு பரப்பில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களும் 800க்கும் மேற்பட்ட மர இனங்களும் இருக்கக் கண்டனர். 50 ஹெக்டர் என்பது நம் தோட்டங்களில் சில நிரைக்கட்டுகளின் அளவே. அங்கே ஓர் இனம், இங்கே எண்ணூறு.

மழைக்காடு பல அடுக்குகளாக அமைந்தது. நிலத்தில் நிழலை விரும்பும் செடிகளும் பிரம்பும் பெரணியும். அவற்றுக்கு மேல் இளமரங்கள். அதற்கும் மேல் கூரைபோல் கவிந்த இலைப் பரப்பு. அக்கூரையையும் துளைத்து நிற்கும் மெராந்தி, துவாலாங் போன்ற பெருமரங்கள். நம் ரப்பர் மரம் பெரும்பாலும் 25 மீட்டரைத் தாண்டுவதில்லை. சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் 2019ஆம் ஆண்டில் அளக்கப்பட்ட ஒரு மஞ்சள் மெராந்தி மரமோ 100 மீட்டரைக் கடந்தது.

இத்தனை பெரிய மரங்கள் வளமான மண்ணில் நிற்பதாகப் பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. ஓயாத மழை மண்ணின் சத்தைக் கரைத்துச் சென்றுவிடுகிறது. விழும் இலையும் கிளையும் பூஞ்சையாலும் கறையானாலும் விரைவில் மக்க, அச்சத்தை மேலோட்டமான வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே காட்டின் செல்வம் மண்ணில் இல்லை, மரங்களிலேயே உள்ளது. மரத்தை அகற்றினால் செல்வமும் உடன் போய்விடும். தோட்டத்தில் உரமிடுவதும், மரங்களுக்கிடையே மூடுபயிர் வளர்ப்பதும் இக்குறையை ஈடுசெய்யவே. பெருமரங்களின் அடியில் பலகைபோல் விரிந்திருக்கும் வேர்களைக் கண்டால், ஆழமற்ற வேருள்ள மரம் சாயாமல் நிற்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது என்பது விளங்கும்.

பால் மரத்தின் தாயகம்

நாம் வெட்டும் மரமும் ஒரு மழைக்காட்டின் பிள்ளையே. தென் அமெரிக்காவின் அமேசான் காடு அதன் தாயகம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில குவாலா கங்சாரில் நடப்பட்டன. தாயகத்தில் இம்மரங்கள் கூட்டமாக நிற்பதில்லை. ஒன்றுக்கொன்று தொலைவில், பிற மரங்களுக்கிடையே தனித்தனியே நிற்கும். நெருக்கமாக நட்டால் அங்குள்ள இலைக்கருகல் நோய் ஒன்று மரத்துக்கு மரம் பரவி அனைத்தையும் அழித்துவிடும். அமேசானிலேயே பெரிய ரப்பர் தோட்டங்கள் நிலைபெறாமல் போனதற்கு இந்நோய் முதன்மையான காரணம். பல இனங்கள் கலந்து நிற்பதே காட்டுக்குக் காவல் என்பதை இதனால் அறிகிறோம்.

பால் தரும் மரங்கள் நம் காட்டிலும் உண்டு. ஜெலுத்தோங் மரத்தின் பால் மெல்லும் பசை செய்யப் பயன்பட்டது. தாபான் மரத்தின் பிசின், 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டது. அதற்காக மரங்களையே வெட்டிச் சாய்த்ததால் அவ்வினம் பல இடங்களில் அருகிப்போயிற்று. மரம் பாலைச் சுரப்பது நமக்காக அன்று. பட்டையைத் துளைக்கும் பூச்சிகளைத் தடுக்கவும் காயத்தை மூடவுமே. மரத்தைக் கொல்லாமல் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்து, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி வகுத்திராவிடில், ரப்பருக்கும் அக்கதியே நேர்ந்திருக்கக்கூடும். அம்முறையின் இன்றைய வாரிசுகள் நம் தோட்டப் பாட்டாளிகளே.

அருவியும் ஆறும்

திதிவங்சா மலைத்தொடரும் அதன் தென்கோடிக் குன்றுகளும் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் உருகிக் கிடந்த குழம்பு குளிர்ந்து இறுகியதே அக்கல். ஓடை, கல்லின் வெடிப்புகளை அரித்தும் கெட்டியான பகுதிகளை விட்டுவைத்தும் ஓடுவதால், படிகளும் குட்டைகளும் உருவாகின்றன. அருவியின் பிறப்பு இதுவே.

மழை நின்று பல நாள் ஆகியும் அருவி வற்றாமல் ஓடுவதற்குக் காடே காரணம். இலைக் கூரை மழையின் வேகத்தைத் தணிக்கிறது. மக்கிய இலைப்படுகை நீரை உறிஞ்சி, நிலத்துக்குள் அனுப்பி, சிறுகச் சிறுக விடுகிறது. அங்சி மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை திராச்சி ஆற்றின் வழியே மூவார் ஆற்றைச் சேர்கிறது. சிரம்பான் பக்கம் விழுவது லிங்கி ஆற்றைச் சேர்கிறது. போர்ட்டிக்சன் பகுதிக்குக் குடிநீர் தரும் ஆறு அந்த லிங்கியே. நம் வீட்டுக் குழாயின் மறுமுனை மலைக்காட்டில் இருக்கிறது என்றால் மிகையாகாது.

உயிர் காக்கும் எச்சரிக்கை

அருவிக்குச் செல்வோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது, மலாய் மொழியில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலை உச்சியிலோ பெருமழை பெய்துகொண்டிருக்கும். அந்நீர் திரண்டு, சில வேளை முறிந்த மரங்களால் தேங்கிப் பின் அணை உடைந்ததுபோல், சில நிமிடங்களில் கீழே பாயும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் கெடா மாநிலத்தின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய இத்தகைய வெள்ளத்தில் அறுவர் உயிரிழந்தனர். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் பேராக்கின் போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தைச் சேறும் மரக்கட்டைகளும் மூடியபோது 44 பேர் மாண்டனர்.

இவ்வெள்ளத்துக்கு முன் சில அறிகுறிகள் தோன்றக்கூடும். தெளிந்த நீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிகுதியாக மிதந்து வரும். நீர்மட்டம் மெல்ல உயரும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆற்றின் வழியே கீழ்நோக்கி ஓடுதல் கூடாது. துணியையும் சோற்றுப் பானையையும் எடுக்கத் திரும்புதல் அறவே கூடாது. ஆற்றின் நடுப்பாறையில் உட்கார்ந்து உண்ணும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். நம் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை மிகுதி. ஆதலின் காலையிலேயே குளித்து, நண்பகலுக்குள் கரையேறுவது நலம்.

பால் வெட்டுவோரின் கைகளில் சிறு காயங்கள் இருப்பது இயல்பு. எலிச் சிறுநீர் கலந்த நீரின் மூலம் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க் கிருமி இத்தகைய காயங்களின் வழியே உடலுள் புகும். 2010ஆம் ஆண்டில் பகாங்கின் லுபோக் யூ பொழுதுபோக்குப் பகுதியில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடியவர்களுள் சிலர் இந்நோயாலும் மெலியோடோசிஸ் நோயாலும் பாதிக்கப்பட்டு இறந்தனர். காயம் உள்ளவர்கள் நீரில் இறங்காதிருப்பது நன்று. உணவுக் கழிவை ஆற்றங்கரையில் வீசுவது எலிகளை அழைப்பதாகும். பயணம் முடிந்த ஓரிரு வாரங்களில் கடுங்காய்ச்சலும் தசைவலியும் கண்டால், ஆற்றில் குளித்த செய்தியை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர்

தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுமில்லை. எனினும் பெடாஸ், மலாக்காவின் காடேக், ஜாசின் ஆகிய இடங்களில் வெந்நீர் பொங்குகிறது. பேராக்கின் உலு சிலிம் ஊற்று கொதிநிலையையே நெருங்குகிறது. காரணம் யாதெனில், நிலத்துள் ஒரு கிலோமீட்டர் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடுகிறது. கருங்கல்லில் கலந்துள்ள கதிரியக்கப் பொருள்களும் வெப்பம் தருகின்றன. மலையில் பெய்த மழையின் ஒரு பகுதி பாறை வெடிப்புகளில் ஆழ இறங்கி, சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே மேலெழுகிறது. அருவியில் குளிர்ந்த நீராக நம்மைத் தொடுவதும், ஊற்றில் வெந்நீராகப் பொங்குவதும் மழைநீரே.

வெந்நீர்க் குளியல் களைத்த தசைகளைத் தளர்த்தும். அது நோய்களைக் குணப்படுத்தும் என்று நம்பி மருந்தை நிறுத்துதல் ஆகாது. நீரின் சூட்டை முதலில் முழங்கையால் சோதித்து, பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இராமல் எழுந்துவிட வேண்டும். இருதய நோயாளரும் இரத்த அழுத்தம் உடையோரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும். நீரிழிவு நோயால் பாதம் மரத்துப்போனவர்கள், சூடு தெரியாமலே வெந்துபோகக்கூடும் என்பதை நினைவிற் கொள்க.

ஏற்பாடு செய்யும் முறை

தொழிற்சங்கக் கிளை, இளைஞர் மணிமன்றம், ஆலயக் குழு ஆகியவற்றுள் ஒன்று முன்வந்து பேருந்து அமர்த்தினால், செலவைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். புறப்படுமுன் வனத்துறை அலுவலகத்திலும் வெந்நீர்க் குளத்தை நடத்துவோரிடமும் அன்று திறந்திருக்குமா எனக் கேட்டறிய வேண்டும். அங்சி மலை ஏறுவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். குழுவுடன் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் வருவது செலவு போலத் தோன்றினும், அவசியமானதே. வானத்தையும் ஆற்றையும் படித்து எப்போது திரும்புவது என்று முடிவு செய்பவர் அவரே. அவர் ‘போதும்’ என்றால் பெரியவரும் இளைஞரும் ஒருங்கே கரையேற வேண்டும். இம்மாநிலக் காடுகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த தெமுவான் பூர்வகுடி மக்களுள் ஒருவர் உடன்வரின், மரங்களின் பெயரையும் பயனையும் கேட்டறியலாம்.

பிடிப்புள்ள காலணி, நீண்ட காற்சட்டை, குடிநீர், மழையங்கி, வழக்கமான மருந்து ஆகியன போதும். அட்டைக்கு அஞ்ச வேண்டியதில்லை. தோட்டத்து மக்களுக்கு அது பழைய அறிமுகமே. பிய்த்து எறியாமல் நகத்தால் மெல்ல நகர்த்தி எடுத்து, கடித்த இடத்தைக் கழுவி அழுத்திப் பிடித்தால் குருதி நின்றுவிடும். இன்னல் நேரின் 999 என்னும் எண்ணை அழைக்கலாம். மலைப்பகுதியில் தொலைபேசி இணைப்பு கிட்டாத இடங்கள் உண்டு என்பதால், செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் தோட்டத்தில் ஒருவரிடம் கூறிச் செல்க.

சிறுவர்களைத் தவறாது அழைத்துச் செல்வோம். மழைக்காட்டையும் நீர் வளத்தையும் பள்ளியில் பாடமாகப் படிக்கும் அவர்கள், அவற்றை ஒருமுறையேனும் கண்ணாற் காண வேண்டும். தந்தையும் தாயும் நாள்தோறும் வெட்டும் மரம் எங்கிருந்து வந்தது, வீட்டுக் குழாயின் நீர் எங்கே பிறக்கிறது என்பவற்றை அங்கே அவர்களுக்குக் காட்ட ஓர் ஓய்வு நாள் போதும்.