14 பாகத்தில் நின்றுபோன விண்கப்பல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் கேம்ஸ் விளையாடுவார்கள். இரண்டாவது மாதம் பாட்டும் படமும். மூன்றாவது மாதம் "இதில் வேறு என்ன சார் பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். விருத்தாசலத்தில் என்னிடம் அப்படிக் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பெயர் 'ஃபயர்ஃபிளை'. தமிழில் சொன்னால் மின்மினிப் பூச்சி. பெயருக்கு ஏற்றபடி கொஞ்ச நேரம் மின்னிவிட்டு மறைந்துபோன அமெரிக்க டெலிவிஷன் தொடர் இது. மொத்தமே 14 பாகங்கள்தான். ஒரு வாரம் லீவு கிடைத்தால் பார்த்து முடித்துவிடலாம்.

என்ன கதை?

கி.பி. 2517ஆம் ஆண்டு. பூமி தாங்காமல் மனிதர்கள் வேறு கிரகங்களில் குடியேறிவிட்டார்கள். அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்றவர் மால்கம் ரெனால்ட்ஸ். நேதன் ஃபில்லியன் நடித்திருக்கிறார். போருக்குப் பிறகு அவர் 'செரனிட்டி' என்ற பழைய சரக்குக் கப்பலை வைத்துக்கொண்டு, கிடைத்த லோடை ஏற்றி, கிடைத்த கூலியில் காலம் தள்ளுகிறார். சில நேரம் கடத்தல், சில நேரம் திருட்டு. கப்பலில் மொத்தம் ஒன்பது பேர்.

உலகத்தைக் காப்பாற்றும் வீரர்கள் இதில் கிடையாது. டீசல் காசுக்கு அலையும் லாரி டிரைவரையும் கிளீனரையும் விண்வெளிக்கு அனுப்பினால் எப்படி இருக்கும், அதுதான் இந்தத் தொடர். சுஜாதாவின் ஜீனோவை ரசித்த நமக்கு இதில் வரும் கிண்டல் உடனே பிடித்துவிடும்.

குறைகளும் உண்டு

விண்கப்பல் இறங்கியதும் குதிரை வருகிறது, இடுப்பில் ரிவால்வர் வருகிறது. கௌபாய் படமா, விண்வெளிப் படமா என்று முதலில் குழப்பமாக இருக்கும். எல்லோரும் கோபம் வந்தால் சீன மொழியில் திட்டுகிறார்கள். ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட சீனர் இல்லை. இத்தனை கிரகங்கள் எங்கே இருக்கின்றன, எப்படி இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறார்கள் என்பதற்குத் தொடரில் சரியான விளக்கம் இல்லை. இரண்டு மூன்று பாகங்கள் சுமார்தான்.

இருந்தும் ஒரு விஷயத்தில் இவர்கள் ஒழுங்கு. விண்வெளியில் காற்று கிடையாது, எனவே சத்தமும் கிடையாது. இந்தத் தொடரில் கப்பல் விண்வெளியில் போகும்போது இன்ஜின் சத்தம் வராது, இசை மட்டும்தான். பெரிய பட்ஜெட் படங்களே கண்டுகொள்ளாத பாடம் இது.

ஏன் நிறுத்தினார்கள்?

2002 செப்டம்பர் 20ஆம் தேதி ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி, பலர் வெளியே கிளம்பிவிடும் நேரம். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன், கதாபாத்திரங்களை அறிமுகம் செய்யும் இரண்டு மணி நேர முதல் பாகத்தை எடுத்துவைத்திருந்தார். சேனலுக்கு அது பிடிக்கவில்லை. விறுவிறுப்பாக வேறு ஒன்று வேண்டும் என்றார்கள். அவசரமாக எழுதிய ரயில் கொள்ளைக் கதை முதலில் ஒளிபரப்பானது. பிறகு வந்த பாகங்களும் வரிசை மாறி வந்தன. நடுவில் பேஸ்பால் போட்டிக்காகச் சில வாரம் தொடரே வரவில்லை.

யார் யார், யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியாமல் பார்த்தவர்கள் கைவிட்டார்கள். டிசம்பரில் தொடர் ரத்தானது. எல்லாவற்றுக்கும் முதலில் வந்திருக்க வேண்டிய அறிமுகப் பாகம் டிசம்பர் 20ஆம் தேதி கடைசியாக வந்தது! அன்றைக்கு 14ல் 11 மட்டுமே ஒளிபரப்பாகி இருந்தன.

நம் ஊரிலும் இந்த வகை முயற்சி நடந்திருக்கிறது. 1998ல் தூர்தர்ஷனில் கேதன் மேத்தா இயக்க, மிலிந்த் சோமன் நடித்த 'கேப்டன் வியோம்' வந்தது. 2123ஆம் ஆண்டில், சிறையிலிருந்து தப்பிய குற்றவாளிகளை விண்வெளியில் தேடிப் பிடிக்கும் கதை. கிராபிக்ஸ் இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அன்றைய பிள்ளைகள் ஞாயிறு காலையில் டிவி முன்னால் உட்கார்ந்ததை என் அண்ணன் இன்றும் சொல்வார்.

அச்சு இருந்தால் பொம்மை வரும்

எங்கள் ஊரில் பீங்கான் பொம்மை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? களிமண்ணைக் கஞ்சி போலக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் சுவரோடு ஒட்டி நிற்கும். மீதியைக் கொட்டிவிட்டு, காய்ந்ததும் எடுத்துச் சூளையில் வேகவைப்பார்கள். பொம்மை உடைந்தால் கவலை இல்லை. அச்சு உடைந்தால்தான் கஷ்டம்.

ஃபயர்ஃபிளைக்கு அச்சாக இருந்தது டிவிடி. 2003 டிசம்பரில் 14 பாகங்களும், அறிமுகப் பாகம் முதலில் வரும்படி சரியான வரிசையில், டிவிடியாக வந்தன. டிவியில் கைவிடப்பட்ட தொடர் கடைகளில் நன்றாக விற்றது. அந்த விற்பனையும் ரசிகர்களின் விடாப்பிடியும் சேர்ந்து, 2005ல் 'செரனிட்டி' என்ற சினிமாவாக அதே நடிகர்களோடு திரும்பி வந்தது. கப்பல் செட்டை அதற்குள் பிரித்துவிட்டார்கள். டிவிடியில் உள்ள காட்சிகளைப் பார்த்துப் பார்த்து மறுபடி கட்டினார்கள். 2007ல் ஸ்டீவன் ஸ்வான்சன் என்ற விண்வெளி வீரர் இந்த டிவிடிகளை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார்.

சாஃப்ட்வேரிலும் அதே கதை

செரனிட்டி கப்பல் பறக்கும் காட்சிகளை ஸோயிக் என்ற நிறுவனம் லைட்வேவ் என்ற 3டி சாஃப்ட்வேரில் செய்தது. யாரோ கேமராவைக் கையில் பிடித்து எடுத்ததுபோல் காட்சி லேசாக ஆடும், திடீரென்று ஜூம் ஆகும். அத்தனையும் கம்ப்யூட்டரிலேயே செய்தது. 2003ல் இதற்கு எம்மி விருது கிடைத்தது.

அதே 2002ல் இன்னொன்றும் நின்றுபோக இருந்தது. பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரின் கம்பெனி மூடப்பட்டது. அதை உருவாக்கிய டான் ரூசண்டால், 1,00,000 யூரோ கொடுத்தால் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று முதலீட்டாளர்களைச் சம்மதிக்க வைத்தார். பயன்படுத்துபவர்களே ஏழு வாரத்தில் பணத்தைத் திரட்டினார்கள். அன்றிலிருந்து பிளெண்டர் இலவசம். ஃபயர்ஃபிளை பார்த்து முடித்ததும் உங்களுக்கும் ஒரு விண்கப்பல் செய்யத் தோன்றினால், அதை டவுன்லோடு செய்து இன்றே தொடங்கலாம்.

எங்கள் துறையில் பாதியில் மூடும் புராஜெக்ட் சகஜம். ஒன்றில் நான் 11 மாதம் உழைத்தேன். ஒரு திங்கட்கிழமை மெயிலில் முடிந்தது. நிரலின் பிரதிகூட எவரிடமும் இல்லை. அதனால்தான் பிளெண்டர் கதையைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பார்க்கும் முன்

* டிவிடியில் உள்ள வரிசையிலேயே பாருங்கள். இரண்டு மணி நேர அறிமுகப் பாகம்தான் முதல். சினிமாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

* புதிய லேப்டாப்களில் டிவிடி டிரைவ் பெரும்பாலும் இருக்காது. யுஎஸ்பியில் மாட்டும் தனி டிரைவ் கிடைக்கிறது.

* விண்டோஸ் 10, 11ல் டிவிடி படம் தானாக ஓடாது. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

* ஆங்கில உச்சரிப்பு வேகமாக இருந்தால் சப்டைட்டிலை ஆன் செய்யுங்கள்.

* உங்கள் வீட்டுக் கல்யாண டிவிடி, குழந்தையின் வீடியோ இருந்தால் இந்த வாரமே ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

முதல் பாகம் மெதுவாகத்தான் போகும். பொறுமையாக மூன்று பாகம் பாருங்கள். 14ஆவது முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்று நீங்களும் கேட்பீர்கள்.