வேரைத் தேடி ஒரு விமானம்! தெரியுமா?

பத்து நாள் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட் இலவசம், தங்க இடம் இலவசம், சாப்பாடும் இலவசம்! நம்ப முடிகிறதா? 18 முதல் 26 வயதுக்குள் இருக்க வேண்டும், பெற்றோரில் ஒருவராவது யூதராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் முக்கியத் தகுதி! 'பர்த்ரைட் இஸ்ரேல்' என்ற இந்தத் திட்டத்தில் முதல் கூட்டம் விமானம் ஏறியது 1999 டிசம்பரில். இதுவரை போய் வந்தவர்கள் 8 லட்சத்துக்கும் மேல்! பாரூர், போச்சம்பள்ளி, ஓசூர், தளி எல்லாம் சேர்ந்த நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்குப்படி 18.8 லட்சம்தான். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு!

இத்தனை பேருக்கும் யார் பணம் கட்டுகிறார்கள் தெரியுமா? தொடங்கி வைத்தவர்கள் இரண்டு கோடீஸ்வரர்கள். ஒருவர் சார்லஸ் பிரான்ஃப்மன், கனடாவின் சீகிராம் விஸ்கிக் குடும்பத்து வாரிசு. இன்னொருவர் மைக்கேல் ஸ்டைன்ஹார்ட், நியூயார்க் பங்குச் சந்தைப் புள்ளி. பின்னால் அள்ளிக் கொடுத்தவர் ஷெல்டன் அடெல்சன், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளின் அதிபர்! இஸ்ரேல் அரசும் தன் பங்குக்குப் பணம் போடுகிறது. விஸ்கிப் பணம், ஷேர் பணம், சூதாட்டப் பணம்... எல்லாம் சேர்ந்து பிள்ளைகளைப் புனித பூமிக்கு அனுப்புகிறது!

"இலவசம்தானே, போனால் போகிறது" என்று பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் நழுவினால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முன்பணம் 250 டாலர்! ஒழுங்காகப் போய் வந்தால் அது திரும்பக் கைக்கு வந்துவிடும். யோசனை எப்படி?

அதைவிட வேடிக்கை பேருந்துக்குள்ளே! சுமார் 40 பேர் போகும் வண்டியில் அதே வயது இஸ்ரேல் இளைஞர்கள் சிலரும் ஏறிக்கொள்வார்கள். குறைந்தது ஐந்து நாள் கூடவே வருவார்கள். அவர்களில் பலர் யார் தெரியுமா? பணியில் இருக்கும் ராணுவ வீரர்கள்! வழிகாட்டி சொல்லும் சரித்திரத்தைவிட, பக்கத்து சீட்டுச் சிப்பாயோடு அடிக்கும் அரட்டைதான் ஊர் திரும்பியும் நினைவில் நிற்கிறதாம்.

போய் வந்தவர்களின் கல்யாணம் வரைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது தெரியுமா? அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. விண்ணப்பித்தும் போக முடியாமல் போனவர்களைவிட, போய் வந்தவர்கள் யூதரையே மணப்பது அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். பத்தே நாள்!

எல்லோரும் மயங்கிவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. 2018 கோடையில் சில இளைஞர்கள் "பாலஸ்தீனர்களின் பக்கத்தை ஏன் காட்டவில்லை?" என்று கேட்டுப் பயணத்தின் பாதியிலேயே பேருந்தை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள்! வேரைக் காட்டக் கூட்டிப் போனால் பிள்ளைகள் கேள்வியும் கேட்பார்கள். கேட்கட்டுமே!

இது 18 வயதுக்கு மேல். பள்ளிப் பிள்ளைகளுக்கு? 1972 முதல் ஓர் உயர்நிலைப் பள்ளியே இருக்கிறது! இஸ்ரேலின் ஹோட் ஹஷரோன் ஊரில் உள்ள அலெக்சாண்டர் மஸ் பள்ளி. அமெரிக்கப் பிள்ளைகள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வந்து தங்கிப் படிக்கிறார்கள். சரித்திர வகுப்பு எங்கே நடக்கும் தெரியுமா? சரித்திரம் நடந்த இடத்திலேயே! மசாடா கோட்டைப் பாடமா? மசாடா மலையில் ஏறித்தான்!

இன்னொன்று கேளுங்கள். நெஞ்சு கனக்கும். 1988 முதல் நடக்கும் 'வாழ்வோர் அணிவகுப்பு'. போலந்தில் ஆஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து பிர்கெனாவ் முகாம் வரை சுமார் 3 கிலோமீட்டர். பல நாட்டு யூத மாணவர்கள் நடக்கிறார்கள். முகாமில் உயிர் பிழைத்த முதியவர்களும் கூடவே நடந்திருக்கிறார்கள்! அங்கிருந்து நேராக இஸ்ரேலுக்கு விமானம். ஒரு வாரம் கழிந்ததும் சுதந்திர தினக் கொண்டாட்டம்! ஒரே பயணத்தில் இழவும் திருவிழாவும்.

இதற்கெல்லாம் முன்னோடி எது தெரியுமா? பெர்லினில் ரேகா ஃபிரையர் என்ற பெண் தொடங்கிய 'இளைஞர் அலியா'. ஜெர்மனியில் வழி அடைபட்ட யூதச் சிறுவர் சிறுமியரைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பிப் பண்ணைகளில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் ஏற்பாடு. அதற்கான அமைப்பு உருவான தேதியைப் பாருங்கள்: 1933 ஜனவரி 30. அதே நாள்தான் ஹிட்லர் பதவி ஏற்றார்! இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சுமார் 5,000 பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களுக்கு அது சுற்றுலா இல்லை, உயிர்!

கொஞ்சம் மீன் சாப்பிடலாமா? இன்றைய இஸ்ரேல் பயணங்களில் அடிக்கடி வரும் இடம் கலிலேயா ஏரி. கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே கிடக்கிறது, உலகிலேயே மிகத் தாழ்வான நன்னீர் ஏரி! கரையோர உணவகங்களில் பிரபலம் 'பேதுரு மீன்'. அது யார் தெரியுமா? நம்ம ஊர்ச் சந்தையில் விற்கும் ஜிலேபி மீனின் நெருங்கிய சொந்தம்! தென்பெண்ணைத் தண்ணீர் வந்து நிறையும் பாரூர் பெரிய ஏரி பக்கம் வளர்ந்தவர்கள் அந்தத் தட்டைப் பார்த்தால் விலை கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

இஸ்ரேல் இவ்வளவு தூரமா என்று நினைக்காதீர்கள். இந்திய-இஸ்ரேல் வேளாண் கூட்டுத் திட்டத்தில் கொய்மலர்களுக்கான மகத்துவ மையம் எங்கே இருக்கிறது? தளியில்! ஓசூருக்குப் பக்கத்தில்!

இன்னும் பழைய உறவு வேண்டுமா? கொச்சி யூதர்களின் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் செப்பேடு கொடுத்தார். 72 உரிமைகள்! அது எந்த எழுத்தில் இருக்கிறது தெரியுமா? வட்டெழுத்தில்! நம் பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் இருக்கும் அதே வட்டெழுத்து! 2017இல் பிரதமர் மோடி இஸ்ரேலுக்குப் போனபோது அதன் நகலைத்தான் பரிசாகக் கொண்டுபோனார்.

கொச்சியிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் என்ன பார்க்கும் தெரியுமா? மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உள்கூடத்தை! பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்! வேரைத் தேடி இஸ்ரேல் போனால் வேர் கேரளத்தைக் காட்டுகிறது.

சென்னையை விட்டுவிட முடியுமா? 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது நகர்மன்றத்தில் 12 ஆல்டர்மேன்கள். அதில் மூன்று பேர் யூத வணிகர்கள்! பவளம் கொண்டுவந்து விற்று, வைரம் வாங்கிப் போனவர்கள். ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெரு சும்மா வந்த பெயரா என்ன?

சரி, தமிழர்களுக்கு இப்படி ஒரு பயணம் உண்டா? உண்டு! 'வேர்களைத் தேடி'! முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2023 மே மாதம் சிங்கப்பூர் போனபோது அறிவித்த தமிழக அரசுத் திட்டம். 18 முதல் 30 வயது வரையுள்ள அயலகத் தமிழ் இளைஞர்களுக்கு. 2023 டிசம்பரில் முதல் கூட்டம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்து இறங்கியது. 2024 ஆகஸ்டில் 100 பேர், இரண்டு வாரம்!

இப்படிப்பட்ட அயலகத் தமிழர்களின் முன்னோர் எப்படிக் கடல் கடந்து போனார்கள் தெரியுமா? 'ட்ரூரோ' கப்பல் சென்னையில் ஏறிய கூலித் தொழிலாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது 1860 நவம்பர் 16இல். 'ஒரேலி' கப்பல் புதுச்சேரியிலிருந்து கரீபியத் தீவான மார்டினிக்குக்குப் போய்ச் சேர்ந்தது 1853இல்! இன்று அந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு வீட்டுமொழி பிரெஞ்சும் கிரியோலும். குடும்பப் பெயரில் மட்டும் ஒரு வீராசாமியோ மாரிமுத்துவோ ஒட்டிக்கொண்டிருக்கும்! தமிழர்கள் குடியேறிய ரீயூனியன் தீவில் தீமிதி இன்றும் நடக்கிறது என்றால் நம்புவீர்களா?

மத்திய அரசின் 'இந்தியாவை அறிவோம்' திட்டமும் 20 ஆண்டுக்கு மேலாக ஓடுகிறது. தேர்வானவர்களுக்கு விமானக் கட்டணத்தில் 90 சதவீதம் திரும்பக் கிடைக்கும்! ஆனால் அதுவும் 18 வயதுக்குக் கீழே இல்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் வயதில்தான் "நான் யார்?" என்ற குடைச்சலே தொடங்குகிறது. யூதர்கள் பள்ளி வயதிலேயே பிடிக்கிறார்கள். நாமும் 16 வயதுக்குக் கதவைத் திறந்தால் என்ன?

அப்படி வரும் பிள்ளைகளுக்குக் காட்ட நம்ம மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கவனிக்க: சூளகிரி பக்கம் மல்லச்சந்திரம் மலை மேல் கூட்டங்கூட்டமாகக் கற்திட்டைகள்! கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள்! பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே 9இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். 4,200 ஆண்டு! மசாடா கோட்டையைக் கட்டிய ஏரோது மன்னனுக்கு 2,000 ஆண்டுக்கும் முந்தையது!