கடிதத்திலே வரும் கண்டாங்கி

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலே பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தால், எனாமல் தூக்குகளுக்கும் தேக்குத் தூண்களுக்கும் நடுவே சட்டமிட்ட சாமி படங்கள் சுவரோரம் சாய்ந்திருப்பதைக் காணலாம். 1894-ல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சுக்கூடத்தின் படங்களும் அவற்றில் உண்டு. சில படங்களில் லட்சுமியின் புடவை மீது அசல் ஜரிகையும் ஜிகினாவும் தைத்திருக்கும். இன்னும் சிலவற்றில் தேவியின் பாதத்துக்குக் கீழே ஏதாவது ஒரு சோப்பின் பெயர்! விளம்பரம் என்று தெரிந்தும் கண்ணாடி போட்டு மாட்டி வைத்தார்கள் அல்லவா? படத்தின் செல்வாக்கு அது.

மான்செஸ்டர் ஆலைக்காரர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். இந்தியாவுக்கு வந்த துணி மடிப்புகளின் மேல் வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். எழுத்தறியாதவரும் சீட்டிலுள்ள படத்தைச் சொல்லித் துணி கேட்கலாம். எழுத்து செய்ய முடியாததைப் படம் செய்தது.

இன்று காரைக்குடிக் கண்டாங்கிப் புடவை மின்னஞ்சலிலே கடல் தாண்டுகிறது. 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் ஆச்சிமாருக்குக் கடைக்காரர் அறிவிப்பு அனுப்புகிறார். ஆனால் இங்கே கதை தலைகீழ். வாங்குபவருக்கு எழுத்து தெரியும். படம்தான் வந்து சேராமல் போகலாம்! ஜிமெயில் 2013 டிசம்பர் முதல் படங்களைத் தானாகவே காட்டுகிறது என்றாலும், ஆபீசுகளில் புழங்கும் அவுட்லுக், பெறுபவர் சம்மதிக்கும் வரை வெளியிலிருந்து வரும் படத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். புடவை, விலை, தள்ளுபடி எல்லாவற்றையும் ஒரே படமாக அச்சடித்து அனுப்பினால், அந்த ஆச்சி காண்பது வெறும் கட்டம். அதுவும் கண்டாங்கிக் கட்டம் அல்ல!

ஆகவே விலையும் நீளமும் எழுத்தாகவே இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்றாக, 'அரக்குக் கரை, கடுகு மஞ்சள் உடல்' என்று ஒரு வரி சேர்க்க வழியிருக்கிறது. படம் வராவிட்டால் அந்த வரி தெரியும்; பார்வையற்றவருக்குக் கணினி அதையே வாசித்துக் காட்டும். படத்தின் அகலம் 600 புள்ளி இருந்தால் போதும் என்பது இத்தொழிலில் பழகிய கணக்கு. காமிராவில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் மூட்டை கனத்து, திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

எல்லாவற்றிலும் சங்கடமானது நிறம். குழல் விளக்கின் கீழ் எடுத்தால் அரக்கு வேறு நிறமாகிவிடும்; உச்சி வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். "படத்தில் கண்டது இது அல்லவே" என்று புடவை திரும்பினால், கடல் கடந்து வரும் பார்சலின் கூலியே லாபத்தை விழுங்கிவிடும். அடுத்த முறை தறிக்காரருக்குக் கொடுக்கும் ஆர்டரிலும் கடைக்காரர் கையைச் சுருக்குவார். முற்றத்து நிழலில், காலை வெளிச்சத்தில் எடுத்த படம் பொய் சொல்லாது. முந்தானையை ஒரு கை பிடித்திருந்தால் கரையின் அகலமும் விளங்கும். நகை பூட்டிய அழகியை நிறுத்தினாலோ, விசாரணை நகையைப் பற்றித்தான் வரும்!

ஊர்ப் பெருமைக்காக ஆத்தங்குடிக் கல்லின் மேல் விரித்துப் படமெடுக்க ஆசை எழலாம். கல்லின் பூவும் புடவையின் கட்டமும் சண்டையிட்டுக்கொள்ளும். பளபளக்கும் செட்டிநாட்டுச் சுவரிலோ வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். ஒரு கோரைப் பாயை விரித்துக்கொண்டால் வேலை முடிந்தது.