வளமூட்டல் செயல்பாடுகள் (தொடக்கப் பள்ளி)

வளமூட்டல் செயல்பாடுகள் என்பவை, தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பாடநூலில் கற்றதை அதற்கு வெளியே பயன்படுத்திப் பார்ப்பதற்கும், பாடநூலில் இல்லாதவற்றை அறிமுகம் செய்துகொள்வதற்கும் வகுப்பறையில் நடத்தப்படும் செயல்பாடுகள் ஆகும். கதை சொல்லுதல், நாடகம், விடுகதை, கைவினை, அளத்தல், சேகரித்து வகைப்படுத்துதல் முதலியன இவற்றுள் அடங்கும். வாரத்தில் ஒரு பாடவேளை, பெரும்பாலும் கடைசி நாளின் பிற்பகல், இவற்றுக்கு ஒதுக்கப்படுவது உண்டு.

பின்தங்கிய குழந்தைக்கு விடுபட்டதை மீண்டும் கற்பிக்கும் குறைதீர் கற்பித்தலிலிருந்து வளமூட்டல் வேறுபட்டது. ஆனால் இரண்டும் ஒரே பள்ளி நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியவை. எனவே எந்தக் குழந்தைக்கு எது கிடைக்கிறது என்னும் கேள்வி எழுகின்றது. ஆசிரியர் குறைவாக உள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் இதுவே முதன்மையான கேள்வி ஆகும்.

கருத்தின் தோற்றம்

கல்வியியலில் இச்சொல் முதலில் மீத்திறன் மிக்க குழந்தைகளைக் குறித்தே வழங்கியது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் சோசப் ரென்சுல்லி 1970களின் பிற்பகுதியில் மூவகை வளமூட்டல் மாதிரியை முன்வைத்தார். புதிய துறைகளைக் காட்டி ஆர்வத்தைத் தூண்டுதல் முதல் வகை. சிந்தித்தல், தேடுதல், பதிவு செய்தல் போன்ற திறன்களைக் குழுவாகப் பழக்குதல் இரண்டாம் வகை. உண்மையான ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு குழந்தை தானே ஆராய்தல் மூன்றாம் வகை. பின்னர் 1985இல் இம்மாதிரி பள்ளி முழுமைக்குமாக விரிவாக்கப்பட்டது. வயது, வகுப்பு வேறுபாடு பாராமல் ஆர்வத்தின் அடிப்படையில் குழந்தைகள் குறிப்பிட்ட நேரத்தில் ஒன்றுகூடும் குழுக்கள் அதன் ஓர் உறுப்பு ஆயின.

இந்தியாவில் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி இதற்கு எதிர்த்திசையில் தொடங்கியது. அதில் கைத்தொழில் பாடத்திற்குப் பின் வரும் கூடுதல் அன்று. பாடமே கைத்தொழிலின் வழியாகக் கற்பிக்கப்பட வேண்டும். ஆதாரப் பள்ளிகள் மறைந்த பின்னும் தோட்டவேலை, கைத்தொழில், வாரம் ஒருமுறை கூடும் மாணவர் மன்றம் ஆகியன தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எஞ்சின. மாணவர் மன்றத்தில் பேசுவோர் பெரும்பாலும் அதே நான்கைந்து குழந்தைகளாகவே இருப்பர் என்பது அதில் அமர்ந்திருந்த எவரும் அறிந்ததே.

செயல்வழிக் கற்றலில் வளமூட்டல்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் வளமூட்டல் ஒரு தனிப் படிநிலையாகப் பரவலானது செயல்வழிக் கற்றலின் மூலமாகும். ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிசிவேலியில் ஓராசிரியர்ப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இது தொடங்கப்பட்டது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விசயகுமார் இதனை முன்னெடுத்தார். 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது.

இம்முறையில் பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணி எனப்படும் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, தத்தம் அட்டையை எடுத்துத் தத்தம் வேகத்தில் கற்றனர். குழந்தைகளின் கைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகைகளும், அவர்களின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் அவ்வகுப்பறைகளின் அடையாளங்கள்.

ஏணியில் அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு என்னும் படிகளை அடுத்துப் பாதை பிரிந்தது. மதிப்பீட்டில் தேறாத குழந்தைக்குக் குறைதீர் அட்டை. தேறிய குழந்தைக்கு வளமூட்டல் அட்டை. ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கும் ஏற்ப அமைந்த இவ்வேற்பாடு தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானது. ஆனால் அதன் தொடர் விளைவைக் கவனிக்க வேண்டும். முதலில் முடிக்கும் குழந்தை மீண்டும் மீண்டும் விளையாட்டையும் கதையையும் அடைகின்றது. அடிக்கடி பள்ளிக்கு வர இயலாத குழந்தை மீண்டும் மீண்டும் பயிற்சியையே அடைகின்றது. பள்ளியின் சுவையான பகுதி எக்குழந்தைக்கு மிகுதியும் தேவையோ, அக்குழந்தைக்கே அது எட்டாமல் போகின்றது. வாரத்தில் ஒரு பாடவேளையை அனைவருக்கும் பொதுவாக வைப்பதற்கான வலுவான காரணம் இதுவே.

2012-13இல் முப்பருவ முறையுடன் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, நூற்றுக்கு 40 மதிப்பெண்கள் வளரறி மதிப்பீட்டிற்கு ஒதுக்கப்பட்டன. அதில் பாதி செயல்பாடுகளுக்கு உரியது. 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கின்றது. பாடல், கதை, படைப்பு ஆகியவற்றிற்கு வகுப்பறையிலேயே களங்கள் அமைக்கச் சொல்கின்றது. அதே ஆண்டில் 4, 5ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கென ஊஞ்சல் என்னும் இதழையும் பள்ளிக்கல்வித் துறை வெளியிடத் தொடங்கியது.

நேரக் கணக்கு

கல்வி உரிமைச் சட்டம் (2009) முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணிகளும் வேண்டும் என்கின்றது. வாரம் ஐந்து நாட்கள் எனில் 40 வாரங்கள். வாரம் 45 நிமிடம் ஒதுக்கினால் ஆண்டிற்கு 30 மணி நேரம், அதாவது மொத்தத்தில் நான்கு விழுக்காட்டிற்கும் குறைவு. பாடம் முடியாது என்னும் அச்சத்திற்கு இக்கணக்கு ஓரளவு விடை தரும். உண்மையான தடை ஆட்பற்றாக்குறையே. அதே சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. ஆகவே சிறு பள்ளியில் வாராந்திரச் செயல்பாடு என்பது ஐந்து வகுப்புகளும் சேர்ந்து செய்யக்கூடியதாக இருந்தால்தான் நடைபெறும்.

கம்பம் பள்ளத்தாக்கு: ஓர் எடுத்துக்காட்டு

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இத்தகைய செயல்பாட்டிற்கு வாய்ப்பான இடமாகும். முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. அதன் நீரால் இங்கு 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகின்றது. போதிய நீர் உள்ள ஆண்டுகளில் முதல் போகத்திற்கு சூன் 1ஆம் நாள் நீர் திறப்பது வழக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதும் சூன் மாதத்தில்தான். முதல் போக நெல்லும் பள்ளியின் முதல் பருவமும் ஏறத்தாழ ஒன்றாக வளர்கின்றன.

பழைய தகரப் பெட்டியில் மண் நிரப்பி நெல் விதைத்து, வாரந்தோறும் ஒரே கிழமையில் அளந்தால் அது ஒரு பருவம் முழுவதற்குமான செயல்பாடு ஆகும். முதல் வகுப்புக் குழந்தை இலைகளை எண்ணும். இரண்டு, மூன்றாம் வகுப்பினர் உயரத்தைச் செ.மீ. கணக்கில் அளப்பர். நான்கு, ஐந்தாம் வகுப்பினர் சென்ற வார உயரத்தைக் கழித்து வளர்ச்சியைக் கண்டு, கட்டத்தாளில் வரைவர். (வாய்க்காலுக்கு அழைத்துச் செல்வதைவிடத் தகரப் பெட்டி பாதுகாப்பானது.)

பெரிய குழந்தைகளுக்கு இன்னொரு செயல்பாடும் பொருந்தும். தமிழ் நாளிதழ்கள் பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டத்தை வெளியிடுகின்றன. வாரம் ஒருமுறை அவ்வெண்ணைக் குறித்து வரைபடமாக்கலாம். வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி என்பதும், பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அவ்வரைபடத்தில் இரு கோடுகளாகும். ஏலக்காயைச் சல்லடையால் அளவுவாரியாகத் தரம் பிரித்தல் போடிநாயக்கனூர்ப் பகுதிக் குழந்தைகள் வீட்டில் காணும் வேலை. வகைப்படுத்துதலைக் கற்பிக்க வேறு கருவி தேவையில்லை.

இப்பகுதியில் வருகையின்மையைத் தனியே கருத வேண்டும். கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களிலிருந்து பலர் விடியுமுன் சீப்புகளில் ஏறிக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். தாய் தோட்டத்திற்குச் செல்லும் நாளில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த குழந்தையின் மேல், பெரும்பாலும் பெண் குழந்தையின் மேல், விழுவதுண்டு. எனவே ஒரு வாரம் தவறினாலும் அடுத்த வாரம் சேர்ந்துகொள்ளக்கூடிய செயல்பாடே இங்கு ஏற்றது. நெல் அளக்கும் அட்டவணையில் மூன்றாம் வாரம் 11 செ.மீ., ஐந்தாம் வாரம் 19 செ.மீ. என எழுதியிருந்தால், இடையில் அளக்கத் தவறிய நான்காம் வாரத்தில் என்ன இருந்திருக்கும் என்று அன்று வராத குழந்தையையே கேட்கலாம். ஒத்திகை தேவைப்படும் நாடகத்தில் அதே குழந்தை மரமாகவோ திரை பிடிப்பவராகவோ நின்றுவிடும்.

வீட்டு மொழியும் இங்கு ஒரு வளம். பள்ளத்தாக்கில் தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் உள்ளன. மழை, சோறு, தவளை ஆகியவற்றிற்கு வீட்டில் வழங்கும் சொற்களைத் திரட்டிக் கம்பியில் தொங்கவிடும்போது, தமிழ்ப் பாடத்தில் தயங்கும் குழந்தை மற்றவர்க்குச் சொல் கற்பிக்கும் நிலையை அடைகின்றது.

நடைமுறைச் சிக்கல்கள்

மதிப்பெண் சேர்ந்தவுடன் செயல்பாட்டின் தன்மை மாறிவிடுகின்றது. கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய தாள், பெற்றோர் செய்து கொடுத்த மாதிரி, ஆசிரியர் நிரப்ப வேண்டிய பதிவேடு ஆகியன குழந்தையின் வேலையை இடம்பெயர்த்துவிடும். பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் வாராந்திரச் செயல்பாட்டில் இல்லாதிருப்பது இதற்கு எளிய தடுப்பு. தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவதும் இப்பாடவேளையே. நெல் போன்ற, ஒரு வாரம் விட்டாலும் தானே வளர்ந்துகொண்டிருக்கும் பொருளைத் தேர்ந்தெடுத்த வகுப்பில், அளக்க வேண்டிய நாளை நினைவூட்டக் குழந்தைகளே இருப்பர்.