கால்பந்து ஆர்வலர் சொற்போரும் மணிமேகலை காட்டும் அளவை நெறியும்

முன்னுரை

தோல்வியுற்ற அணியொன்றைத் திருத்துவது எங்ஙனம் என்று அதன் ஆர்வலர் தம்முள் வழக்காடுதல் கால்பந்து ஆடப்பெறும் நாடுகளில் எல்லாம் காணப்படுவதே. இதனை வெறும் பொழுதுபோக்கென்று அறிஞர் ஒதுக்குதல் உண்டு. ஆயினும், கல்விக்கூடங்களுக்கு வெளியே பொதுமக்கள் காரண காரிய முறையில் தமிழில் இடையறாது வாதிடும் களங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. மேற்கோள் நாட்டல், ஏதுக் கூறல், எடுத்துக்காட்டுத் தரல், மறுத்தல் என்னும் வாத உறுப்புகள் அனைத்தும் இதன்கண் உள. ஆதலின், அளவை நூற் கருத்துகளைத் தமிழில் விரித்துரைக்கும் மணிமேகலையின் துணைகொண்டு இவ்வழக்காடலை ஆராய்தல் பயனுடைத்து என்று கருதுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட ஊர் நீலகிரி மாவட்டத்து எமரால்டு. உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்த எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்களை அடுத்து இவ்வூர் அமைந்துள்ளது. சூழவும் தேயிலைத் தோட்டங்களும், மலைக்காய்கறி விளையும் சரிவுகளும், படகர் அட்டிகளும் காணப்படும். படகு மொழி பேசுவோரும், தோட்டத் தொழிலாளரும், இலங்கையினின்று தாயகம் திரும்பியோரின் வழியினரும் கலந்து வாழும் மாவட்டம் ஆதலின், இங்கு நிகழும் சொற்போர்க்குத் தமிழே பொதுமொழியாய் அமைகின்றது.

சொற்போரின் பொருள் 2014இல் தோன்றிய 'சென்னையின் எஃப்.சி.' என்னும் தொழில்முறை அணி. பெயரில் உள்ள 'இன்' ஆறாம் வேற்றுமைப் பொருளில் நின்று, 'சென்னைக்கு உரிய' என்னும் கருத்தைத் தருகின்றது. எனினும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலையூரானும் அதனை 'நம்ம டீம்' என்றே சுட்டுகின்றான். சென்னைப் பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கில் 'பி ஸ்டாண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' முதலிய ஆர்வலர் குழுவினர் பாடியும் முழக்கியும் அணிக்குத் துணை நிற்பர். திரையில் மட்டும் ஆட்டம் காணும் எமரால்டு ஆர்வலனுக்கோ சொல்லாற் செய்யும் துணையே எஞ்சியுள்ளது. ஆதலின், அச்சொல் பிழைபடாது அமைதல் வேண்டும் என்பது அவன் திறத்துச் சிறுபொருள் அன்று.

அணியின் ஏற்றமும் இறக்கமும்

வாதங்களை ஆராயுமுன் வரலாற்றைச் சுருங்கக் காண்பாம். இந்தியன் சூப்பர் லீக்கின் முதற் பருவமாகிய 2014இல் அணி லீக் சுற்றில் முதலிடம் பெற்று, அரையிறுதியில் கேரள பிளாஸ்டர்ஸிடம் தோற்றது. 2015 திசம்பர் 20ஆம் நாள் கோவா அணியை 3-2 என வென்று வாகை சூடியது. அடுத்த ஆண்டே ஏழாம் இடத்திற்கு இறங்கியது. 2018 மார்ச்சு 17ஆம் நாள் பெங்களூரு அணியை அதன் சொந்தத் திடலிலேயே 3-2 என வென்று மீண்டும் வாகை சூடியது. அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளே பெற்றுக் கடையிடம் எய்தியது. 2019-20இல் இறுதியாட்டம் வரை சென்று ஏ.டி.கே. அணியிடம் தோற்றது. அதன்பின் மூன்று பருவங்கள் தொடர்ந்து எட்டாம் இடத்தில் நின்றது. 2023-24இல் ஆறாம் இடமும், 2024-25இல் பதின்மூன்று அணிகளுள் பதினோராம் இடமும் பெற்றது.

நூல் கூறும் நெறி

மணிமேகலையின் 'தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை'யில் அறவண அடிகள் வாயிலாக அளவை நெறி உரைக்கப்படுகின்றது. துணியப்படும் பொருளைக் கூறுவது பக்கம். அதற்குக் காரணம் காட்டுவது ஏது. அக்காரணம் முன்னர் மெய்ப்பட்ட இடத்தைக் காட்டுவது திட்டாந்தம் எனப்படும் எடுத்துக்காட்டு. மலையில் நெருப்புண்டு என்பது பக்கம், புகை உண்மை ஏது, அடுக்களை எடுத்துக்காட்டு.

ஏது மெய்யாதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். அது எடுத்துக்கொண்ட பொருளில் இருத்தல் வேண்டும். துணிபொருள் உள்ள பிற இடங்களாகிய சபக்கத்திலும் இருத்தல் வேண்டும். துணிபொருள் இல்லாத இடங்களாகிய விபக்கத்தில் இல்லாதிருத்தல் வேண்டும். இவற்றுள் வழுவியது ஏதுப்போலி. எடுத்துக்காட்டு வழுவின் திட்டாந்தப் போலி. நாள்தோறும் நிகழும் வாதங்களுள் பெரும்பாலன மூன்றாம் தகுதியிலேயே வழுவுகின்றன. தம் கருத்திற்கு இயைந்தவற்றைத் தேடுவோர் பலர். இயையாதவற்றைத் தேடுவோர் சிலர்.

பயிற்றுநர் மாற்றம் என்னும் ஏது

ஆர்வலரிடை முதற்கண் எழுவது 'கோச்சை மாற்றினால் அணி உயரும்' என்னும் வாதம். இதற்கு வலிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2019-20இல் முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றே வென்ற நிலையில் ஜான் கிரகரி விலகினார். ஓவன் கோயில் பொறுப்பேற்றார். அணி இறுதியாட்டம் வரை சென்றது. இது சபக்கம்.

இனி விபக்கத்தை நோக்குவாம். 2020க்குப் பின் சாபா லாசுலோ, போசிதார் பாந்தோவிச், தாமசு பர்தாரிச் என்போர் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். பாந்தோவிச் விலகியபின் சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பு ஏற்றார். மாற்றம் மிகுதியும் நிகழ்ந்தது, இடமோ எட்டாவதே. 2023இல் முன்னர் அணியை உயர்த்திய அதே கோயில் மீண்டும் வந்தார். பர்தாரிச்சின் கீழ் 2022-23இல் 20 ஆட்டங்களில் பெற்ற புள்ளிகள் 27. கோயிலின் கீழ் 2023-24இல் 22 ஆட்டங்களிலும், 2024-25இல் 24 ஆட்டங்களிலும் பெற்றவையும் அதே 27. ஆட்டங்கள் பெருகின, புள்ளிகள் பெருகவில்லை. இவ்வாறு துணிபொருள் உள்ளவிடத்தும் இல்லாவிடத்தும் ஒப்பச் செல்லும் ஏதுவை மணிமேகலை அநைகாந்திகத்துள் 'சாதாரணம்' என்று வகுக்கும். பயிற்றுநர் மாற்றத்தால் பயனில்லை என்பது இதன் கருத்தன்று. அம்மாற்றம் ஒன்றே உயர்வை நிறுவாது என்பதே கருத்து.

கோல் அடிப்போர் என்னும் ஏது

இரண்டாவது வாதம், 'அயல்நாட்டினின்று சிறந்த முன்கள வீரனைக் கொணர்தல் வேண்டும்' என்பது. 2015இல் கொலம்பிய நாட்டு மெண்டோசா 13 கோல்களும், 2019-20இல் லித்துவேனிய நாட்டு வால்சுகிசு 15 கோல்களும் அடித்தனர். அவ்விரு பருவங்களிலும் அணி இறுதியாட்டம் கண்டது. வாதம் வலிதுபோல் தோன்றும்.

ஆயின் 2018 இறுதியாட்டத்தில் அணி அடித்த மூன்று கோல்களுள் இரண்டு தற்காப்பு வீரர் மெயில்சன் ஆல்வெசு தலையால் முட்டி அடித்தவை. அப்பருவத்து வெற்றி முன்கள வீரன் ஒருவனால் மட்டும் வந்ததன்று. மறுதலையாக, 2022-23இல் எல் கயாத்தி பன்னிரண்டு ஆட்டங்களில் 9 கோல்கள் அடித்தும் அணி எட்டாம் இடத்தையே அடைந்தது. ஆதலின் இவ்வேதுவும் விபக்கத்திற் சென்று வழுவுகின்றது.

மண்ணின் மைந்தர் என்னும் ஏது

மூன்றாவது வாதம் நீலகிரியில் உணர்ச்சியொடு கூறப்படுவது: 'தமிழ்நாட்டு வீரரை மிகுதியும் சேர்த்தல் வேண்டும்'. இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு மலையடிவாரத்தை அடுத்த கோயம்புத்தூரில் உள்ளது. 2018-19இல் சென்னையின் அணி சூப்பர் லீக்கில் கடையிடத்தில் கிடந்தபோது, கோயம்புத்தூரைத் தன் திடலாகக் கொண்ட சென்னை சிட்டி அணி, ஐ-லீக்கில் 43 புள்ளிகளுடன் வாகை சூடியது. எட்வின் வான்சுபால், மைக்கேல் ரெஜின், சீனிவாசன் பாண்டியன் முதலிய தமிழ்நாட்டு வீரர் அதன்கண் ஆடினர். எமரால்டு ஆர்வலனுக்கு அண்மைத் திடலில் எய்திய இவ்வெற்றி மறக்கற்பாலது அன்று.

எனினும் அவ்வணியில் சிங்கப்பூர்ப் பயிற்றுநர் அக்பர் நவாசும், 21 கோல்கள் அடித்த பெத்ரோ மன்சியும், அவரோடு ஸ்பெயின் நாட்டு வீரர் சிலரும் இருந்தனர். வெற்றியும் உள்ளூர் வீரரும் ஓரிடத்து உடனிருந்தமை தெளிவு; ஒன்றினால் ஒன்று வந்ததென்னும் தொடர்பு காட்டப்படவில்லை. இவ்வாறு உடனிருப்பை மட்டும் காட்டித் தொடர்பைக் காட்டாது விடுதல் 'அநன்னுவயம்' என்னும் திட்டாந்தப் போலியாம்.

ஈண்டு ஒன்று தெளிதல் வேண்டும். உள்ளூர் வீரரைச் சேர்த்தல் வேண்டும் என்பார், உண்மையில் இரு பக்கங்களை ஒன்றாகக் கலந்து கூறுகின்றனர். 'சேர்த்தால் அணி வெல்லும்' என்பது ஒன்று. 'எம் ஊர்ச் சிறுவர் அவ்வணியில் ஆட வழி இருத்தல் வேண்டும்' என்பது மற்றொன்று. முன்னது வெற்றி பற்றியது. பின்னது உரிமை பற்றியது. முன்னது மெய்ப்படாவிடினும் பின்னது கெடுவதில்லை. தேயிலைத் தோட்டத்துச் சரிவில் பந்துதைக்கும் சிறுவனுக்கு வழிகாண்டல் அணிக்குப் புள்ளி தந்தாலும் தராவிடினும் வேண்டற்பாலதே. வெற்றி பற்றிய வாதத்தில் இதனைச் சார்த்திவிடின், அணி வென்ற நாளில் இக்கோரிக்கை மறக்கப்படும்.

வீழ்ச்சிக்கு முன்னிகழ்வது

மூன்று ஏதுக்களும் தனித்தனியே நில்லாமை கண்டோம். இனி வினாவைத் திருப்பி, 'உயர்வது எங்ஙனம்' என்பதை விடுத்து, 'வீழ்ந்தது எப்போது' என்று வினவுவாம். விடை வியப்பைத் தருகின்றது. 2015இல் வாகை, 2016இல் வீழ்ச்சி. 2018இல் வாகை, 2018-19இல் வீழ்ச்சி. 2019-20இல் இறுதியாட்டம், 2020-21இல் வீழ்ச்சி. மூன்று உச்சங்களையும் உடனடியாக மூன்று இறக்கங்கள் தொடர்ந்தன.

அவ்விடைக்காலங்களில் நிகழ்ந்தது யாது? 2015க்குப் பின் மெண்டோசாவும் எலானோவும் நீங்கினர். பயிற்றுநர் மத்தராசி நீங்கிலர். எனினும் அணி வீழ்ந்தது. 2020க்குப் பின் கோயிலும் வால்சுகிசும் ஒருங்கே ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்றனர். 2018இல் நிலை சற்று வேறு. கிரகரி இருந்தார், வீரருள் பெரும்பான்மையோரும் இருந்தனர், ஆயினும் அணித்தலைவரும் தற்காப்பின் தூணுமாகிய ஹென்றிக் செரினோ நீங்கினார், நடுக்களத்துத் தன்பால் கணேஷ் முழங்காற் காயத்தால் ஆட்டத்தினின்று விலகி நின்றார். இவ்விடத்து ஏது ஏனைய இரண்டினைப் போல வலிதன்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

விபக்கமும் உண்டு. 2014இல் லீக்கின் முதலிடம் பெற்ற அணியினின்று மத்தராசி, எலானோ, மெண்டோசா ஆகிய மூவரும் 2015இலும் தொடர்ந்தனர். அப்பருவத்தின் நடுவே அணி பின்தங்கியும், இறுதியில் எழுந்து வாகை சூடியது. உச்சத்தை அடுத்து வீழ்ச்சி நிகழாத ஓர் ஆண்டு, நடுநாயகமானவர் நீங்காத ஆண்டாகவே அமைந்தது. அயல்நாட்டிலும் இத்தகைய சான்று காணலாம். 2016இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்ற லெசுட்டர் அணியினின்று நடுக்கள வீரர் காந்தே செல்சி அணிக்குச் சென்றார்; பயிற்றுநர் ரனியேரி இருந்தும் அடுத்த பருவத்தில் அணி தாழ்ந்தது; 2017 பிப்ரவரியில் அவரும் நீக்கப்பட்டார்.

ஆகவே, 'வெற்றிக்குப் பின் அணியின் நடுநாயகர் நீங்குதல் வீழ்ச்சிக்கு ஏது' என்னும் கருத்து ஏனைய மூன்றினும் வலிதாகத் தோன்றுகின்றது. இதற்கும் எல்லை உண்டு. சான்றுகள் சிலவே. 2021 முதல் 2025 வரை நீண்ட தேக்கத்தை இவ்வேது விளக்காது. அக்காலத்தில் நீங்குதற்குரிய உச்சமே இருந்திலது. மேலும், அணியின் கையில் இல்லாத காரணங்களும் உள. 2025 சூலையில் லீக்கின் உரிமை ஒப்பந்தம் பற்றிய சிக்கலால் 2025-26ஆம் பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்டமே இல்லாதவிடத்து ஆட்டத்தைத் திருத்தும் வாதம் எதுவும் செல்லாது.

முடிவுரை

இவ்வாராய்ச்சியால் போந்த கருத்துகள் மூன்று. முதலாவது, ஆர்வலர் வாதம் அறிவின்மையால் வழுவுவதன்று. செய்திகளை அவர் நன்கறிவர். விபக்கத்தைத் தேடாமையே வழுவிற்குக் காரணம். இரண்டாவது, வெற்றி பற்றிய பக்கத்தையும் உரிமை பற்றிய பக்கத்தையும் வேறு பிரித்து வாதிடின் இரண்டும் வலிமை பெறும். மூன்றாவது, சொற்போர் எழும் காலமே பிழைபட்டது. தோல்விக்குப் பின் எழும் வினாக்களுக்கு விடையளிக்கும் நிலையில் அணி பெரும்பாலும் இருப்பதில்லை. வித்து முன்னரே ஊன்றப்பட்டுவிடுகின்றது. கோப்பை வந்த நாளில், மகிழ்ச்சிக் கூத்தின் நடுவே, 'இவருள் யார் யார் அடுத்த ஆண்டும் நம்மோடு இருப்பர்?' என்று ஆர்வலர் வினவுதல் வேண்டும். அவ்வினாவை அரங்கினுள் இருப்போர் மறப்பினும், தொலைவில் இருந்து நோக்கும் மலையூரார் எழுப்புதல் கூடும். ஆரவாரம் எட்டாத தொலைவு அதற்குத் தடையன்று, துணையே ஆம்.