இரைச்சலும் இசையும்

சங்கீதம் என்றவுடன் சுருதியும் லயமுமே நம் நினைவிற்கு வருவன. இவ்விரண்டுமின்றி, இரைச்சலும் கீச்சொலியும் நெடிய மௌனமுமே நிறைந்ததொரு கச்சேரியைக் கேட்க நேரின், "இதுவும் சங்கீதமோ? நம்மை ஏய்க்கின்றனரோ?" என்று ஐயுறுதல் இயல்பேயாம். மின்னொலி மனோதர்ம இசை என்று நாம் பெயரிட்டு விளக்கப் புகுவது அத்தகையதே. அவ்வையத்தை அற்பமென்று தள்ளிவிட நாம் எண்ணவில்லை.

1965-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஏ.எம்.எம். என்னும் குழு தோன்றிற்று. அதில் கிதார் வாசித்த கீத் ரோ என்பார் ஓவியமும் பயின்றவர். ஜாக்ஸன் பொல்லாக் என்னும் அமெரிக்க ஓவியர் சீலையைத் தரையில் விரித்து வண்ணம் தெளித்ததை உட்கொண்டு, இவர் தம் கிதாரை மேசைமேற் கிடத்தினார். விரலால் மீட்டுவதை விடுத்துக் கத்தி, சுருள்வில், சிறு மின்விசிறி முதலியவற்றால் தந்திகளைத் தீண்டினார். இடையிடையே ரேடியோவையும் திருப்பிவிடுவார். அதில் அவ்வேளை யார் பேசுவர், எப்பாட்டு ஒலிக்கும் என்பது அவருக்கே தெரியாது.

ஜப்பானியராகிய தொஷிமாரு நகமுரா இன்னும் ஒருபடி மேற்சென்றார். ஒலிபெருக்கியின் எதிரே மைக்கைக் கொண்டுசென்றால் அது ஊளையிடுதலைக் கல்லூரிக் கூட்டங்களில் நாம் அனைவருமே கேட்டுச் செவிபொத்தியிருக்கிறோம். மைக்கிற் புகுந்த ஒலி பெருகி வெளிவந்து, மீண்டும் மைக்கினுட் புகுந்து சுழல்வதே அதற்குக் காரணம். நகமுராவோ மைக்கையும் நீக்கிவிட்டு, மிக்ஸர் பலகையினின்று வெளிவரும் கம்பியை அப்பலகையின் உள்வாயிலிலேயே செருகினார். பலகைக்குள் இயல்பாகவுள்ள நுண்ணிய இரைச்சலே சுற்றிச் சுற்றிப் பெருகி ஒலியாகின்றது. குமிழை மயிரிழையளவு திருப்பினும் அவ்வொலி மாறும்; சிலபோது திருப்பாமலே மாறும். ஆதலின் அவர் அதனை முற்றும் ஆள்பவரல்லர். அது செல்லும் வழியைச் செவியால் ஓர்ந்து உடன்செல்பவரே. நம் பாடகர் ஆலாபனம் செய்யுங்கால் அவர்க்கு இராகம் என்னும் வரம்புண்டு. இங்கே வரம்பாய் நிற்பது கேள்வி ஒன்றேயாம்.

2000 முதல் 2005 வரை டோக்கியோ நகரில் 'ஆஃப் சைட்' என்றொரு சிறு கூடம் இருந்தது. வீடுகள் நெருங்கிய இடமாதலின், அயலார்க்கு இடையூறு நேராதபடி மிகத் தாழ்ந்த ஒலியிலேயே அங்கு வாசிக்க வேண்டியதாயிற்று. அண்டை வீட்டார் உறக்கம் ஒரு கலைக்கு இலக்கணம் வகுத்தமை புதுமையன்றோ! ஒலி தாழவே, இருமலும் நாற்காலி அசைவும் வாசிப்போடு கலந்தன. கேட்க வந்தோரும் தம் அசைவிற்குப் பொறுப்பாளராயினர்.

ரோவும் நகமுராவும் சேர்ந்து வாசித்த 'வெதர் ஸ்கை' என்னும் இசைத்தட்டு 2001-இல் வெளிவந்தது. புதிதாய்க் கேட்பார்க்கு அதனையே நாம் கூறுவோம். முதற் சில நிமிஷங்கள் மனம் மெட்டைத் தேடி அலைந்து சலிக்கும். அச்சலிப்பைக் கண்டு எழுந்துவிடலாகாது. ஓர் ஒலி சொரசொரப்போ வழுவழுப்போ, அண்மையதோ சேய்மையதோ, எப்போது தொடங்கிற்று என்று மட்டும் நோக்குக. அறையின் மின்விசிறியும் உடன் ஒலிக்குமாயின் ஒலிக்கட்டும்.

இனி, முதலிற் கூறிய ஐயம். இவ்வகைக் கச்சேரிகளுட் பல வெறும் இரைச்சலே என்பதை நாமும் மறுக்கிலோம். ஒருவர் ஒலியெழுப்பும்போது மற்றவர் அதற்கு இடங்கொடுத்து அடங்குகின்றாரா, அன்றித் தம் கருவியையே நோக்கிக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கின்றாரா என்பதைக் கவனித்தால், எது எவ்வகையைச் சேர்ந்தது என்பது பழகாத செவிக்கும் அரைமணி நேரத்திற் புலப்பட்டுவிடும்.