ஷிப்ட் மாறும் ஊரில் வாராவாரம் ஒரு குரல்

நெய்வேலியிலிருந்து பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர் விஷயத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தட்டுப்பட்ட பழுப்பு நிலக்கரி, அதை வெட்ட 1956-இல் பிறந்த நிறுவனம், சுரங்கத்துக்காக ஊரையே விட்டுக்கொடுத்த குடும்பங்கள், நிலக்கரிக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் வெட்டவே முடியும் என்ற சங்கதி. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் தாங்கும்.

கேட்கவும் ஆள் இருக்கிறது. பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டிய ஊர் இது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட்டார்கள். திரும்பி வர வீடில்லாதவர்கள் காதில் ஊர்க்குரல் விழுந்தால் விடமாட்டார்கள்.

சிக்கலும் அங்கேதான். "எங்க வட்டத்தைப் பத்தி எப்போ பேசுவீங்க?" என்று, தான் வளர்ந்த குடியிருப்புப் பகுதியை நினைத்துப் பாசத்தோடு கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. வெள்ளிதோறும் இரவு எட்டு மணிக்கு வருகிறோம் என்று அறிவித்துவிடுவோம். சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஷிப்ட் பார்ப்பவருக்கு எல்லா வெள்ளிக்கிழமையும் ஒன்றல்ல. நைட் ஷிப்ட் முடித்து வந்தவரின் தூங்காத குரலை மைக் மறைக்காது. ஆளைத் தேடிப் பேசச் சம்மதிக்க வைத்து, பதிவு செய்து, முழுதும் திரும்பக் கேட்டு வெட்டி ஒட்ட வேண்டும். மின்விசிறியை நிறுத்தினால் வேர்வை, ஓடவிட்டால் இரைச்சல். கேட்பவருக்கு அரை மணி நேரம். செய்பவருக்கு வார ஓய்வு முழுதாகப் போய்விடும்.

வாராவாரம் தந்தாக வேண்டிய நெருக்கடி தமிழுக்குப் புதிதல்ல. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதினார். சொந்தப் பத்திரிகையும் அலுவலகமும் அவருக்குத் துணை இருந்தன. அதே நாவலின் 293 அத்தியாயங்களை 'கதை ஓசை' பாட்காஸ்டில் தீபிகா அருண் வாசித்திருக்கிறார். குரலுக்கு மலையளவு உழைப்புதான். ஆனால் எழுதும் சுமை கல்கியோடு முடிந்துவிட்டது. தனியாளாக இறங்குபவர், தன் தோளிலிருந்து எந்தச் சுமையை இறக்கலாம் என்றே முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டான் கார்லின் 2006 முதல் பாட்காஸ்டில் வரலாறு பேசி வருகிறார். இப்போது ஆண்டுக்கு ஒருசில பகுதிகள்தான், ஒவ்வொன்றும் மணிக்கணக்கில். கேட்பவர்கள் காத்திருக்கிறார்கள்.

நெய்வேலிக்கு ஏற்றது சீசன் முறை என்பேன். ஆறு பகுதிகளை முடித்து வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். எத்தனை வரும், எப்போது நிற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். லீவு நாள் உற்சாகத்தில் கணக்குப் போடாதீர்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் எவ்வளவு முடியுமோ அதுதான் உங்கள் அளவு. தன் வட்டத்தைப் பற்றிக் கேட்பவரிடமே, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லலாம். வந்ததையெல்லாம் சேர்க்க வேண்டும் என்பதில்லை.

நிலம் கொடுத்தவர்களின் கதையை மட்டும் எந்தக் கெடுவுக்காகவும் அவசரப்படுத்த வேண்டாம். முதல் தடவையே ரெக்கார்டரை நீட்டினால் நஷ்டஈட்டுத் தொகையைச் சொல்வார்கள். ஊர்க் கோயில் எங்கே இருந்தது, எந்தக் கிணற்றில் நீச்சல் பழகினார்கள் என்பதெல்லாம் பழகப் பழகத்தான் வரும். முதல் சீசனில் அது வராவிட்டால் என்ன, இரண்டாவதில் வரட்டும்.